ரேம் சார்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் செயலாளர், பொருளாளர், வாட்ச்மேன் ஆகியோரோடு ரேம் சார் ஒருவரும் இருப்பார். மற்ற மூவரைச் சங்கம் நியமிக்கிறது. ரேம் சார் தாமாகவே பதவியேற்றவர். தொலைபேசித் துறையிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவராக இருப்பார். கம்ப்யூட்டர் படித்தவராக மட்டும் இருக்கவே மாட்டார். படித்தவர்கள் தூரத்திலிருந்தே பார்த்து, "சர்வீஸ்ல கொடுத்துடுங்க" என்று சொல்லி நழுவிவிடுவார்கள். இவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிடுவார்.

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று இவர் காதில் விழும்படி லிஃப்டில் பேசக் கூடாது. உடனே விசாரணை தொடங்கிவிடும்.

"ரேம் எவ்வளவு?"

"நாலு ஜிபி சார்."

"அதான்."

எட்டு என்றாலும் "அதான்." பதினாறு என்றால் கொஞ்சம் நிதானித்து, "ஒரே ஸ்டிக்கா, ரெண்டு ஸ்டிக்கா?" என்பார். ஒன்று என்றால் "அதான்." இரண்டு என்றால் "எந்த ஸ்லாட்ல போட்டிருக்கான்?" பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் முதலில் ரேமைத்தான் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்துவிட்டால் நடப்பதெல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துவார்; உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிய வேண்டுமாம். கேபினெட்டின் தகரத்தைத் தொட்டுக்கொள்வார். உடம்பில் இருக்கும் ஸ்டேடிக் போக வேண்டுமாம். இரண்டும் சரியான காரியங்களே. பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் தூசி கிளம்பும். அவர் தும்முவார். பிறகு டார்ச்சை உள்ளே அடித்து, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் சொல்வார்: "ஸ்லாட் காலியா கெடக்கே, தம்பி!"

திரையில் ஒன்றுமே வராமல் பீப், பீப் என்று மட்டும் கத்துகிற கம்ப்யூட்டர் கிடைத்தால் அவருக்கு அன்றைக்குத் திருநாள். "யாராவது ஒரு ரப்பர் கொடுங்க" என்பார். நான்காம் வகுப்புக் குழந்தையின் பாக்ஸிலிருந்து ரப்பர் வரும். ரேமின் தங்கப் பூச்சுள்ள விளிம்பை இரண்டு பக்கமும் தேய்த்து, ஊதி, மறுபடி ஸ்லாட்டில் அழுத்துவார். இரண்டு முனையிலும் 'டக், டக்' என்று கிளிப் விழும். கம்ப்யூட்டர் உயிர் பெறும். கழற்றி மறுபடி அழுத்தமாகப் பொருத்தினாலே பாதி கேஸ்கள் சரியாகிவிடும் என்று யாராவது இந்த நேரத்தில் சொன்னால், ரப்பரைக் கையில் பிடித்தபடி அவர் பார்க்கும் பார்வை தாங்காது.

அவருடைய செல்வமெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. 512 எம்பி காலத்து டிடிஆர்1 முதல் நேற்றைய டிடிஆர்4 வரை அதில் உண்டு. ஒவ்வொன்றையும் பழைய தினசரித் தாளில் மடித்து, யார் வீட்டில் கழற்றியது என்று எழுதியிருப்பார். வேலைக்குக் கூலி வாங்க மாட்டார். "பழைய ஸ்டிக் உங்களுக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்பார்.

வேறு வேறு ரேமைக் கலந்து போடுவதில்தான் அவருடைய மேதைமை தெரியும். கடைக்காரர்கள் ஒரே கம்பெனி, ஒரே வேகம், ஜோடியாக வாங்குங்கள் என்பார்கள். இவர் 4 ஜிபியோடு 8 ஜிபியைச் சேர்ப்பார். இன்டெல் போர்டு அதை ஏற்றுக்கொள்ளும்: நாலும் நாலுமாக எட்டு ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்ச நாலு சிங்கிள் சேனலில் போகும். 3200 வேக ரேமோடு 2400-ஐப் போட்டால் இரண்டும் 2400-லேயே ஓடும். அதற்கு அவர் சொல்லும் விளக்கம்: "குடும்பத்தோட திருப்பதி மலை ஏறினா பாட்டியோட வேகம்தானே எல்லாருக்கும்!" சில ஜோடிகள் ஒத்துப்போகாமல், வாரம் ஒருமுறை நீலத் திரை காட்டி நின்றுவிடும். அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "விண்டோஸ் அப்டேட் பண்ணியிருப்பீங்க" என்று வீட்டுக்காரர் மேலேயே குற்றத்தைத் திருப்பிவிடுவார். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும். அதைப் போட விடவும் மாட்டார்.

எதையும் கலக்கலாம் என்ற அவர் கொள்கை தோற்கும் இடம் ஒன்று உண்டு. டிடிஆர்3 ரேமுக்கு 240 கால், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 கால், 1.2 வோல்ட். தப்பித் தவறியும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று விளிம்பில் உள்ள வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ரேம் சார் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார். கடைசியில், "கம்பெனிக்காரன் வேணும்னே பண்றான்" என்பார். அது என்னவோ உண்மை.

எதிர்வீட்டு அம்மாள் ஜாதகம் பார்க்க வைத்திருந்த பழைய விண்டோஸ் 7-இல் 8 ஜிபி ஏற்றினார். திரையில் 'பயன்படுவது 3.25 ஜிபி' என்று வந்தது. 32 பிட் விண்டோஸ் அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாது. "மிச்ச ரேம் எங்கே போச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "ரிசர்வ்ல இருக்கும்மா" என்று வங்கி மேலாளர் தோரணையில் பதில் வந்தது.

சென்னை ரிச்சி தெருவின் கம்ப்யூட்டர் கடைகளில் அவரைப் பார்க்க வேண்டும். மவுண்ட் ரோடில் இறங்கி நடப்பவர், ஜி41 போர்டுக்கு 4 ஜிபி ரேம் வேண்டும் என்றால் சிப்பை எண்ணாமல் வாங்க மாட்டார். பதினாறு சிப் இருந்தால்தான் அந்தப் பழைய போர்டு எடுத்துக்கொள்ளும், எட்டு சிப் ஸ்டிக்கை ஏற்காது என்பது அவருக்குத் தெரியும். கடைப் பையனுக்குத் தெரியாது.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேமையும் கடைகளில் அடுத்தடுத்து செருகிக் கொடுத்துவிடுகிறார்கள். பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும் போட்டால்தான் பெரும்பாலான போர்டுகளில் டூயல் சேனல் கிடைக்கும். கேமிங் ரேம் பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்யும்வரை பல ஸ்டிக்குகள் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் காசில்லாமல் சரிசெய்து தருபவர் அவர் ஒருவர்தான்.

2025 கடைசியில் அவருக்கு யோகம் அடித்தது. ஏஐ சர்வர்களுக்கே சிப் போக, கடையில் ரேம் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான், குரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறுநாளே பிஸ்கட் டப்பா பரணிலிருந்து பீரோவுக்கு மாறியது. டிடிஆர்1 விலையும் ஏறியிருக்கும் என்று அவர் நம்புகிறார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அவரைக் கூப்பிடுமுன் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்று, மெமரி பாதிகூட நிரம்பாமல் இருந்தால், உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி. அதை ரேம் சாரிடம் சொல்லாதீர்கள், மனம் புண்படும். மெமரி தொண்ணூறைத் தாண்டியிருந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். வருவார், சரிசெய்வார், காபி மட்டும் குடிப்பார். கழற்றிய ஸ்டிக்கை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள்.