இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இரவு 11.20-க்கு ஒருவர் திட்டுகிறார். 11.21-க்கு அழித்துவிடுகிறார். 11.22-க்கு என் போன் அடிக்கிறது: “சார், அவர் என்னைத்தானே சொன்னார்?”

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். சம்பளம் கிடையாது, மெயின்டனன்ஸில் தள்ளுபடியும் கிடையாது.

சண்டையின் விதை பெரும்பாலும் தண்ணீர்தான். மோட்டாரை அணைக்க மறந்து டேங்க் வழிந்தால் ஒரு தளம் கொதிக்கும். லாரி வராவிட்டால் எல்லாத் தளமும் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஒருவர் நாலு வரி தட்டிவிடுவார். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி எட்டிப் பார்த்து, “என்னங்க எழுதி வெச்சிருக்கீங்க?” என்பார். உடனே டெலீட். எங்கள் குரூப்பில் இன்றுவரை போலீஸ் கேஸ் வராததற்கு இந்த அட்மின் காரணமில்லை, வீட்டம்மாக்கள்தான் காரணம்.

அழித்ததோடு விஷயம் முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திட்டு விழுந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று பெயரோடு ஒரு நடுகல் நின்றுவிடுகிறது. திட்டைப் படித்தவர்கள் தூக்கம் வராத நாலைந்து பேர். நடுகல்லைக் காலையில் காபியோடு தரிசிப்பது மொத்தக் கட்டடம். ஒருமுறை ஒருவர் நாய் வளர்ப்பவரைத்தான் திட்டினார். கோட்டைத் தாண்டிக் கார் நிறுத்துபவர், மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர், மொட்டை மாடி முழுக்க வடாம் பிழிந்தவர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து கோபப்பட்டார்கள். யார் யார் என்னென்ன தப்பு செய்கிறார்கள் என்று இவ்வளவு துல்லியமாக எந்த சிசிடிவி கேமராவும் காட்டியதில்லை.

2017-இல் வாட்ஸ்அப்பில் இந்த அழிக்கும் வசதி வந்தபோது அதற்கு ஏழே நிமிடம்தான் தந்தார்கள். அடுத்த வருடம் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாயிற்று. 2022-இல் இரண்டு நாளையும் தாண்டிவிட்டது. ஏழு நிமிடத்தில் கோபம் தணியும். இரண்டு நாளில் வக்கீலைப் பார்த்து யோசனையே கேட்டு வந்துவிடலாம்.

அதே 2022-இல் அடுத்தவர் செய்தியை அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கும் வந்தது. அழித்தால் என் பெயரையும் சேர்த்தே காட்டும். ஒருமுறை அழித்துப் பார்த்தேன். திட்டியவரும் திட்டு வாங்கியவரும் சமாதானமாகி, சேர்ந்து வந்து கருத்துச் சுதந்திரம் பற்றி எனக்கு வகுப்பெடுத்தார்கள். சாதியையோ வீட்டுப் பெண்களையோ இழுத்தால் மட்டும் பேச்சே இல்லை, செய்தியோடு ஆளும் வெளியே. மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும், எழுதியவரே காலை வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி.

சட்டப்படி எனக்குப் பயமில்லை. உறுப்பினர் போடும் பதிவுக்கு, அட்மினாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றமும், அதே வருடக் கடைசியில் நமது மதுரைக் கிளையும் சொல்லிவிட்டன. அழித்தவர்களுக்குத்தான் ஆறுதல் இல்லை. 2018-இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்து, பிறகு நீக்கி, மன்னிப்பும் கேட்ட நடிகர் ஒருவர் மீதான வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் எங்கள் உயர் நீதிமன்றம் வேறு. அது சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ச்மேன் அறைக்கு எதிரே சிமென்ட் பெஞ்சில் கூடும்.

அதன் ஆவணக் காப்பாளர் மூன்றாவது மாடி மாமா. அவருடைய ஆண்ட்ராய்டு போனில் ‘நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’ என்று ஒன்று உண்டு. கடைசி ஒரு நாளில் வந்த அறிவிப்புகளெல்லாம் அதில் தங்கும். நாய் விவகாரத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை நீட்டினார். ‘வெட்கங்கெட்ட’ வரை இருந்தது. அப்புறம் மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளிக்காகச் செயற்குழு கூடியது. விசாரித்தபோது எழுதியவர், “பேரன் கைபட்டுப் போயிடுச்சு சார்” என்றார். பேரனுக்கு ஒன்றரை வயது. ‘வெட்கங்கெட்ட’ என்பதை ஒற்றுப்பிழை இல்லாமல் அடித்திருக்கிறான். குழந்தைக்குச் சுற்றிப் போடச் சொன்னேன்.

கடைசியில் நான் ஒரு விதி கொண்டுவந்தேன்: அழிப்பவர், என்ன எழுதினேன் என்று தானே குரூப்பில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அழித்த திட்டெல்லாம் சைவமாகிவிட்டது. “ஒண்ணுமில்ல, நாய் சௌக்கியமான்னு கேட்டிருந்தேன்” என்றார் தாத்தா. செயற்குழு விடவில்லை. வேறு வழியில்லாமல் நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினார். நாய்க்காரர் கைகூப்பும் பொம்மை போட்டார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி, கெடு முடிவதற்குள், அந்த மன்னிப்பையும் அழித்துவிட்டார்.

மாமாவின் போனில் ஒரு நாள் சரக்குதானே தங்கும்? ஆக, சாட்சியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி செயற்குழு. போண்டா, காபிச் செலவு மெயின்டனன்ஸ் கணக்கில்.