போன வாரத்துக்காரர்

மலைப்பாதையில் கரடியைப் பார்ப்பதற்கு அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ வேண்டும். போன வாரத்துக்காரரைப் பார்க்க எதுவும் வேண்டாம். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில், செப்டம்பர் பிற்பாதியில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும் நாட்களில், அவரே வந்து நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்.

எங்களுக்கு வாய்த்தவர் கால்கரித் தமிழர். வாய்த்ததற்குக் காரணமும் கரடிதான். லார்ச் பள்ளத்தாக்குப் பக்கம் கரடி நடமாட்டம் இருந்தால், நாலு பேராவது சேர்ந்துதான் நடக்கவேண்டும் என்று பூங்காக்காரர்கள் உத்தரவு போட்டுவிடுவார்கள். நாங்களோ இரண்டே பேர். சீட்டுக்கட்டுக்குக் கை குறைந்தவர்கள் மாதிரி ஆள் தேடி நின்றோம்.

"தமிழா? வாங்க, நாலாச்சு" என்றார், பக்கத்தில் மனைவியோடு நின்றவர். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார்: "ஆனா நீங்க போன வாரம் வந்திருக்கணும் சார்."

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பாதை தொடங்குவது மொரைன் ஏரிக்கரையில். 2023 முதல் அங்கே சொந்தக் காரில் போகமுடியாது, பஸ்தான். பூங்கா பஸ்ஸின் இருக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு நாள் முன்னால் காலை 8 மணிக்குத்தான் திறக்கும். தட்கலில் தேறிய விரல்களால் டிக்கெட் பிடித்திருந்தேன். அந்த வீரக்கதையைச் சொன்னேன். "எந்தத் தேதிக்குப் புடிச்சீங்கங்கறதுதான் சார் விஷயம்" என்றார்.

ஏரியைப் பார்த்து என் மனைவி வாயடைத்து நின்றாள். அவர் பர்ஸிலிருந்து பழைய 20 டாலர் நோட்டு ஒன்றை எடுத்தார். 1969, 1979 வரிசை நோட்டுகளின் பின்பக்கத்தில் இதே ஏரியும் இதே சிகரங்களும்தான். "பாருங்க சிஸ்டர், நோட்டு முழுக்கப் பச்சை. இந்தப் படம் எடுத்தவன் ரொம்ப சீக்கிரம் வந்துட்டான்."

ஏற்றம் 500 மீட்டருக்கு மேல். கொண்டை ஊசி வளைவுகளில் எங்களுக்கு மூச்சு வாங்கியபோது அவருக்குப் பேச்சு வாங்கியது. "மஞ்சள் புதுசா வர்றது இல்ல சார். உள்ளேயேதான் இருந்துச்சு. குளிர் வர்றப்ப மரம் பச்சையத்தைக் கலைச்சுச் சத்தை உள்ள இழுத்துக்குது. மிச்சம் தெரியறதுதான் இது." மார்பில் கரடி ஸ்ப்ரே தொங்கியது. அதைத் தொடவேண்டிய அவசியமே இதுவரை வந்ததில்லையாம். வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வருவதால் கரடி முன்கூட்டியே ஒதுங்கிவிடும் என்று தோன்றியது. (பேசிக்கொண்டு நடப்பதுதான் நல்லது என்று பூங்காக்காரர்களும் சொல்கிறார்கள். மனிதரைக் குறை சொல்ல வழியில்லை.)

மேலே திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு மரத்தடியில் குனிந்து, உதிர்ந்த ஊசிகளைப் பிணப் பரிசோதனை செய்கிறவர்போல விரலால் விலக்கிப் பார்த்தார். "போச்சு. காத்து அடிச்சிருக்கு. ஏழு நாள் முன்னாடி பாக்கணும் நீங்க..."

"போன வாரமும் வந்தோம்ங்க" என்றார் அவர் மனைவி. அன்று முழுக்க அந்த அம்மா பேசிய முதல் வாக்கியம் அதுதான். "இன்னும் பச்சை போகல, அடுத்த வாரம்தான் சரின்னார்."

அவர் காதில் விழாததுபோல ஒரு கிளையைப் பிடித்து இழுத்து எங்களிடம் நீட்டினார். "தொட்டுப் பாருங்க." ஊசியிலை என்றால் குத்தும் என்று நினைத்திருந்தேன். பூனைக்குட்டியின் காது மாதிரி இருந்தது. ஊசியிலை மரமாக இருந்தும் வருஷாவருஷம் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு நிற்கிற ஜாதி. அவரும் தொட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அரை நிமிஷம் அவர் இந்த வாரத்தில்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு அந்த அம்மா எலுமிச்சை சாதத்தைத் திறந்தார். போன தடவை இன்னும் புளிப்பாக இருந்ததாம்.

இறங்கும்போது, வியர்த்து வழிய ஏறிவந்த நாலு பேர் நிறுத்தினார்கள். மேலே எப்படி, நல்ல நிறமா?

அவர் தொப்பியைக் கழற்றினார். அதிலிருந்து இரண்டு மஞ்சள் ஊசிகள் உதிர்ந்தன.

"தங்கம்!" என்றார். "தகதகன்னு இருந்துச்சு. நீங்க காலையில வந்திருக்கணும்."