அரிவாள் கொஞ்சம் பொறுக்கட்டும்!

(கேள்வி-பதில்: சாலையோரக் காட்டுப் பூக்கள்)

கே: சாலையோரம் மரம் நட்டால் நிழலாவது கிடைக்கும். செடியும் பூவும் எதற்கு?
- வாசகர், மணப்பாறை

ப: மரமும் வேண்டும், செடியும் வேண்டும். நிழல் நமக்கு, பூ தேனீக்கு. உங்கள் தோட்டத்துப் பூசணியும் பாகலும் காய்ப்பது தேனீயும் வண்டும் வந்து போவதால்தான். தோட்டத்தில் பூ இல்லாத நாளில் அவை எங்கே போய்ப் பசியாறும்? வரப்பைச் சீவிச் சீவி ஒற்றையடி ஆக்கினோம். உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போட்டோம். மிச்சமிருப்பது தாருக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் அந்த ஐந்தாறு அடி மண்தான். அதையும் மொட்டையடித்தால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது.

கே: நித்தியகல்யாணி, செண்டுமல்லி விதை நிறைய வைத்திருக்கிறேன். ரோட்டோரம் தூவலாமா?
- வாசகி, பல்லடம்

ப: வீட்டு வாசலில் தாராளமாகத் தூவுங்கள். நித்தியகல்யாணிக்குப் பூர்வீகம் மடகாஸ்கர், செண்டுமல்லிக்கு மெக்சிகோ. வெட்டுக்காயப்பூண்டுகூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். விருந்தாளிகளுக்கு வாசல் இருக்கிறது. சாலையோரம் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்: ஆவாரை, தும்பை, சிறுபூளை, கொழிஞ்சி, துத்தி, கிலுகிலுப்பை, விஷ்ணுகிராந்தி. மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிப்பவை இவைதான்.

கே: பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் காசு கொடுத்து வாங்கினோம். எங்கள் பாட்டி தலையில் அடித்துக்கொண்டார்!
- வாசகி, அரியலூர்

ப: பாட்டியின் வருத்தம் நியாயமானது. காப்புக் கட்டுக்குப் பூப் பறிக்கப் போனவர்கள், எந்த ஓரத்தில் எது பூத்திருக்கிறது என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து வந்தார்கள். கடையில் வாங்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு நின்றுபோனது. போனது போகட்டும். நிலைவாசலில் கட்டிய சிறுபூளையைக் குப்பையில் போடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, லேசாக ஊதுங்கள். பஞ்சு பறந்துவிடும். கடுகைவிடச் சிறியதாக, பளபளவென்று கறுப்பாக ரேகைகளுக்கிடையே ஏதாவது ஒட்டியிருந்தால் அதுதான் விதை. ஒரு தாளில் மடித்துத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு உதவும்.

கே: ஆவாரை விதையை மூன்று தடவை போட்டுவிட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. என் கைராசி அப்படியா?
- வாசகர், விளாத்திகுளம்

ப: கைராசியில் குறையில்லை, விதையின் தோல்தான் கெட்டி. பழுப்பேறிக் காகிதம்போல் சலசலக்கும் காயாகப் பார்த்துப் பறியுங்கள். விதையைச் சொரசொரப்பான மணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டு நன்றாகத் தேயுங்கள். அல்லது கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, ஆறவிட்டு, ஒரு ராத்திரி ஊற வையுங்கள். தோல் இளகி விதை உப்பினால் மண்ணுக்குத் தயார். புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

கே: விதை எவ்வளவு எடுக்கலாம்?
- வாசகர், மேலூர்

ப: பத்துக் காய்க்கு ஒன்று. மீதி அந்தச் செடிக்கும் அந்த இடத்துக்கும் சொந்தம்.

கே: உரம் போட வேண்டுமா?
- வாசகி, பொள்ளாச்சி

ப: வேண்டவே வேண்டாம். உரத்தால் கொழுப்பது புல். அது வளர்ந்து பூச்செடியை அமுக்கிவிடும். வண்டல் அடிக்கிறேன் என்று வேறு இடத்து மண்ணையும் கொட்டாதீர்கள். அதோடு பார்த்தீனிய விதையும் வந்து இறங்கும்.

கே: பார்த்தீனியத்தை என்ன செய்வது?
- வாசகர், திருச்செங்கோடு

ப: வெள்ளைப் பூ விரியும் முன் வேரோடு பிடுங்குங்கள். ஒரே செடி பல்லாயிரம் விதை போடும். பூத்த பிறகு பிடுங்கி வீசினால் நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம், விதை பிரிக்கும் வேலை எடுத்துக்கொள்ளட்டும்.

கே: எருக்கைக் கண்டாலே வெட்டச் சொல்கிறார் மாமியார். காப்பாற்ற ஒரு காரணம் சொல்லுங்கள்.
- வாசகி, செஞ்சி

ப: ஒரு காலை நேரம் மாமியாரையே கூட்டிக்கொண்டு போய் ஓர் எருக்கிலையைத் திருப்பிக் காட்டுங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக, முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்போடு ஒரு புழு இருக்கக்கூடும். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் குழந்தை. எருக்கம்பாலின் நஞ்சை அது உடம்பில் சேர்த்து வைக்கும். சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சுதான் காவல், தின்று பார்த்த பறவை மறுபடி வாய் வைக்காது. எருக்கம்பூவில் மகரந்தச் சேர்க்கை நடக்க, ரீங்காரமிட்டு வரும் பெரிய கறுப்புத் தச்சன் வண்டு வேண்டும். வீட்டை ஒட்டி வேண்டாம் என்று மாமியார் சொன்னால் கேளுங்கள். சாலையோரத்து எருக்கு மட்டும் இருக்கட்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை அவருக்கும் வேண்டுமல்லவா?

கே: செடி மண்டினால் பாம்பு வரும் என்று ஊரே பயப்படுகிறது.
- வாசகர், தாராபுரம்

ப: அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். தாரை ஒட்டி மூன்றடியைக் குட்டையாக வெட்டியே வையுங்கள். அங்கே விஷ்ணுகிராந்தி போதும், தரையோடு படர்ந்து நீலமாகப் பூக்கும். தும்பை அதற்குப் பின்னால், ஆவாரை கடைசி வரிசையில். வளைவிலும் சந்திப்பிலும் உயரச் செடியே கூடாது, எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும். இன்னொன்று: பாம்பு வருவது எலிக்கு, எலி வருவது குப்பைக்கு. ஓரத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தினால் பாதிப் பயம் தீர்ந்தது.

கே: எல்லாம் சரி, ஆடு தின்றுவிட்டால்?
- வாசகர், ஊத்தங்கரை

ப: ஆட்டைக் கேட்டே பெயர் வைத்ததுபோல ஒரு செடி இருக்கிறது: ஆடுதின்னாப்பாலை! தரையோடு கிடக்கும் இந்தக் கொடியை ஆடு சீண்டாது. ஆனால் உடல் சிவந்த, கறுப்புச் சிறகுகொண்ட அழகிப் பட்டாம்பூச்சிகள் தேடிவந்து இதில்தான் முட்டையிடும். மற்ற செடிகளுக்கு முதல் மழைக்காலம் மட்டும் காவல் வேண்டும். மேய்ப்பவர்களை எதிரியாக்காதீர்கள். எந்தப் பக்கம் மேய்ப்பது, எந்தப் பக்கம் விடுவது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஓரத்தில் என்ன முளைக்கிறது என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கே: முதல் நாள் ஐம்பது பேர் வந்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் நானும் என் தம்பியும்தான்.
- வாசகர், சிவகாசி

ப: மனம் தளராதீர்கள், பெரும்பாலான ஊர்களில் இதுதான் கதை. எல்லோருக்கும் பொதுவான வேலை யாருக்கும் சொந்தமில்லாமல் போகும். மின்கம்பத்துக்கு மின்கம்பம் பிரித்துக் கொடுங்கள். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை ஒரு வீட்டின் பொறுப்பு. வேலையையும் மாதத்துக்கு ஒன்றாகச் சுருக்குங்கள்: ஆவணியில் களை, புரட்டாசியில் விதை, கார்த்திகையில் பார்த்தீனியம், மாசியில் விதை சேகரிப்பு. ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு, வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி நின்று வேலை செய்யச் சொல்லுங்கள்.

கே: யாரிடம் அனுமதி கேட்பது?
- வாசகி, நாங்குநேரி

ப: ஊர்ச் சாலை என்றால் ஊராட்சியிடம், பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையிடம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராமசபை கூடுகிறது. அதில் தீர்மானமாக வைத்தால், நாளைக்கு யாராவது இயந்திரத்தோடு வந்து நிற்கும்போது காட்ட உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.

கே: இதெல்லாம் வேறெங்காவது நடந்து ஜெயித்திருக்கிறதா?
- வாசகர், புதுக்கோட்டை

ப: அமெரிக்காவின் டெக்சாஸில். அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் அந்த மண்ணின் பெண். 1965-இல் வந்த நெடுஞ்சாலை அழகூட்டும் சட்டத்துக்குப் பின்னால் அவர் இருந்தார். 1982-இல் காட்டுப் பூக்களுக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். 1987-இல் வந்த சட்டம், நெடுஞ்சாலைப் பசுமைப் பணிக்கான நிதியில் குறைந்தது 0.25 சதவீதம் உள்நாட்டுக் காட்டுப் பூக்களுக்குப் போக வேண்டும் என்றது. டெக்சாஸ் போக்குவரத்துத் துறை இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பவுண்டு விதை தூவுகிறது. ஆனால் அங்கே கற்க வேண்டியது விதைக் கணக்கு இல்லை. பூ முடிந்து விதை உதிரும்வரை ஓரத்தைப் பெருமளவு வெட்டாமல் காத்திருக்கிறார்களே, அதுதான்.

கே: எனக்கு 72 வயது. குனிந்து நிமிர முடியாது. நான் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை சொல்லுங்கள், போதும்.
- வாசகர், திருவையாறு

ப: ஐயா, எல்லாவற்றிலும் பெரிய வேலை உங்களுக்குத்தான் இருக்கிறது. மழை முடிந்து செடியெல்லாம் பூத்து நிற்கும் மார்கழி, தை மாதத்தில்தான் ஓரம் வெட்ட ஆள் வருவார்கள். எங்கள் ஊரிலும் ஒரு வருடம் காய் பழுக்கப் பதினைந்து நாள் இருக்கும்போது அரிவாள் விழுந்தது. மறு வருடம் அந்த இடத்தில் பார்த்தீனியம் முளைத்தது. வெட்டியவர்கள்மேல் குற்றமில்லை, அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஊராட்சியில் தேதி கேட்டு, "மாசி பிறக்கட்டும், விதை உதிர்ந்ததும் வெட்டலாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்துவிட்டால் மோர் கொடுத்து உட்கார வைத்துச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு மரியாதை உண்டு, கேட்பார்கள். மண்ணுக்குள் பழைய விதை மிச்சமிருக்கிற ஓரங்கள் இன்னும் உண்டு. அங்கே நாம் விதைக்கக்கூட வேண்டாம், ஒரு மாதம் வெட்டாமல் விட்டால் போதும்.