நாலு புள்ளி ரெண்டு

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில், நாற்பது தாண்டியதும் சிலருக்கு முழங்கால் வலி வருகிறது, சிலருக்கு ஒயின் வருகிறது. நம்மவருக்கு வந்தது இரண்டாவது. முதலாவதற்காவது தைலம் உண்டு.

ஒருகாலத்தில் பீர் பாட்டிலைப் பல்லால் திறந்த மனிதர் இவர். இன்று ஒயின் கிளாஸின் வயிற்றைத் தொட மாட்டார், தண்டைத்தான் பிடிப்பார். கைச்சூடு பட்டால் ருசி கெட்டுவிடுமாம். சுழற்றிச் சுழற்றிப் பழகிய கை, காலையில் காபி டம்ளரையும் விடுவதில்லை. “நுரை போயிரும், சும்மா குடிங்க” என்று வீட்டம்மா அதட்டிய பிறகே நிற்கும்.

கடையில் இவர் பாட்டிலைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்ப்பார். 2010இல் டென்மார்க்கில் தொடங்கிய விவினோ என்ற ஆப் அதில் இருக்கிறது. லேபிளைப் படம் பிடித்தால் முன்பின் தெரியாதவர்கள் போட்ட மதிப்பெண் வரும். 4.1 என்றால் கூடைக்குள் போகும், 3.8 என்றால் அலமாரிக்கே திரும்பும். ஒருநாள் கடைப்பையன் சொல்லிவிட்டான்: “சார், அந்த 3.8ஐத்தான் போன வாரம் வாங்கிட்டுப் போய் பிரமாதம்னீங்க.”

“அன்னைக்கு நெட் இல்லப்பா.”

கொள்கையும் அவ்வப்போது மாறும். முதலில் சிவப்பு மட்டுமே ஒயின். பிறகு ஆரஞ்சு ஒயின் மோகம் பிடித்தது. அதில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. வெள்ளை ஒயினுக்கான திராட்சையைத் தோலோடு ஊறவிட்டால் வரும் நிறம் அது. ஜார்ஜியாவில் குவெவ்ரி என்னும் மண்ஜாடியைத் தரையில் புதைத்து ஒயின் செய்யும் பழைய முறையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். கேட்டால் படமும் காட்டுவார்.

திருகு மூடி போட்ட பாட்டிலை “இருமல் மருந்து” என்று ஒதுக்கியவர், ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் பெரும்பாலான ஒயினுக்கு அதுதான் மூடி என்று எங்கோ படித்ததிலிருந்து “கார்க்கெல்லாம் வெறும் நாடகம்” என்கிறார். அந்த நாடகத்துக்காக வாங்கிய இத்தாலிய கார்க் திருகி மட்டும் இன்னும் ஷோகேஸில் நிற்கிறது.

ஃபிரடெரிக் புரோஷே என்ற ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து, போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார். சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளையே அவர்கள் அள்ளி வீசினார்கள். இதை நம்மவரிடம் சொல்லிப் பார்த்தேன். “ஸ்டூடன்ட்ஸ்தானே” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இவரே யூடியூபில் படித்தவர்தான், ஆனால் அதைச் சொன்னால் விருந்துக்குக் கூப்பிட மாட்டார்.

அப்படிப்பட்ட விருந்து ஒன்றுக்குத்தான் கம்பத்திலிருந்து தாய்மாமா வந்திருந்தார். திராட்சைத் தோட்டக்காரர். அன்று திறந்தது மஸ்கட் ஒயின். நம்மவர் கிளாஸைச் சுழற்றி, மூக்கை நுழைத்து, கண்ணை மூடி அறிவித்தார்: “லிச்சி... ஈரக்கல்... கொஞ்சம் பழைய தோல் பெட்டி.” வந்திருந்தவர்கள் எல்லோரும் தோல் பெட்டியை மோந்தவர்கள் போல் தலையாட்டினார்கள்.

“மாமா, ஒங்களுக்கு என்ன வாசம் வருது?”

“இது என்ன விலை, மாப்ள?”

சொன்னார். மாமா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மோந்தார்.

“நம்ம பன்னீர் திராட்சை வாசம்ல அடிக்குது!”

சிரிப்பு கிளம்பியது. “மாமா, ஒயின்ல திராட்சை வாசம் வருதுன்னு சொல்லக் கூடாது. கத்துக்குட்டிங்க சொல்றது அது.”

ஆனால் மஸ்கட் விஷயத்தில் அதுதான் சரியான விடை. ஒயினான பிறகும் பழத்தின் வாசனையை அப்படியே வைத்திருப்பதற்குப் பேர்போன குடும்பம் அது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் அதே குடும்பத்து மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தான். அந்த அறையில் லிச்சிக்கும் ஈரக்கல்லுக்கும் நடுவே உருப்படியாக மோந்தவர் மாமா ஒருவரே.

நம்மவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஆப்பில் அவர் பெயரில் ஒரு புதுக் குறிப்பு ஏறியது: “கொடியிலிருந்து அப்போதே பறித்த திராட்சையின் வாசனை. பழகிய மூக்குக்கு மட்டுமே எட்டும். 4.2.” அதற்கு முதல் லைக் விழுந்தபோது, மாமா அடுப்படியில் நின்று ஐஸ் கட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.