மிச்ச உல்லனின் தீராமை குறித்து ஓர் ஆய்வு

கோயில்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த நம் அறிஞர்கள் வீட்டுப் பரணை ஏனோ விட்டுவிட்டார்கள். கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவுக்கும் நடுவே, ஜவுளிக்கடைப் பெயர் போட்ட கட்டைப்பை ஒன்று அங்கே இருக்கும். அதற்குள் இருப்பதை வீட்டார் ‘மிச்ச உல்லன்’ என்பர். பேரனுக்கு ஒரு குல்லா, டிவிக்கு ஒரு விரிப்பு, வாசலுக்கு ஒரு தோரணம் என்று பின்னி முடித்தபின் எஞ்சிய பந்துகளும் அரைப்பந்துகளும் துண்டுகளும் அவை. இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே: மிச்ச உல்லனைத் தீர்க்க எடுக்கும் எந்த முயற்சியும் அதைப் பெருக்கும்.

ஆய்வின் எல்லை குரோஷாவோடு நிற்கிறது. இரண்டு ஊசி வைத்துப் பின்னும் ஸ்வெட்டர் பின்னல் சேர்க்கப்படவில்லை. அதில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் உயிரோடு தொங்கும். ஒன்று நழுவினால் அடிவரை அவிழும். குரோஷாவிலோ எந்நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நிறம் மாற்றலாம், நீளமாகப் போவதை வட்டமாகத் திருப்பலாம். துண்டு நூலைத் தின்பதற்கென்றே பிறந்த கலை அது. இதனிடமே தோற்காத மிச்சம் வேறெதனிடமும் தோற்காது என்பதால் இதுவே தக்க சோதனைக் களம்.

மிச்சம் எப்படிப் பிறக்கிறது? நூலைக் கண்டு கணக்கில் விற்கிறார்கள், கண்ணி கணக்கில் செலவழிக்கிறோம். இரண்டும் ஒருநாளும் சரியாக முடிவதில்லை என்பார் ஒரு சாரார். அது பாதிக் காரணமே. மீதிப் பாதி லேபிளில் இருக்கிறது. அதில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் நிறம் ஒரு இழை தள்ளிப்போகும். நிற எண் ஒன்றே ஆனாலும் லாட் மாறினால், பாதி விரிப்பு ஒரு சிவப்பாகவும் மீதி வேறு சிவப்பாகவும் நிற்கும். ஃபேன்சி ஸ்டோர்க்காரர் “அதே கலர்தான்க்கா, டியூப்லைட்ல அப்படித் தெரியுது” என்று சத்தியம் செய்வார். சூரிய வெளிச்சம் அவரைக் காட்டிக்கொடுக்கும். இதில் ஒருமுறை அடிபட்டவர்கள் அடுத்த தடவை தேவைக்கு மேல் ஒரு கண்டு சேர்த்தே வாங்குகிறார்கள். குல்லா முடிந்துவிடும். அந்தக் கூடுதல் கண்டு முடியாது.

இனி வகைப்பாடு. இத்துறையில் எழுதப்பட்ட இலக்கணம் இல்லாத குறையை வாய்மொழி மரபால் நிறைவு செய்தோம். தகவலாளர் பெரியம்மா. அவர் கணக்கில், தேங்காய் அளவுப் பந்து மிச்சமே அல்ல, அது ‘புதுசு’. எலுமிச்சை அளவு இருந்தால் ஒரு பூ, அல்லது சாவிக்கொத்தில் தொங்க ஒரு குட்டி யானை. விரல் நீளத் துண்டுகளைக் காட்டி “இதையாவது எறிஞ்சிடலாமா பெரியம்மா?” என்று கேட்டதற்கு, “எறியறதாவது! பத்துத் துண்டு சேர்ந்தா ஒரு குஞ்சலம்” என்று பதில் வந்தது. அதற்கும் கீழே, கத்தரிக்கோல் நுனியில் உதிர்ந்தவை? “யானைக்கு வயிறு வேண்டாமா?” ஆக, குப்பை என்ற வகையே இந்த மரபில் கிடையாது. தீருவதற்கான வாசலை வகைப்பாட்டு நிலையிலேயே அடைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் உல்லன் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக். எந்த ஆட்டையும் கண்டறியாத நூல். கட்டைப்பைக்குள் லேபிளை இழந்து கிடக்கும்போது பருத்தியும் அக்ரிலிக்கும் அடையாளம் தெரியாமல் கலந்துவிடும். ஒரு துண்டை இடுக்கியால் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தால் தெரியும். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாக உதிரும். நிஜக் கம்பளி, முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். இது வெறும் ஏட்டறிவு அன்று. மிச்ச நூலில் பிரிமணை பின்னுகிறவர்கள் பருத்தியில்தான் பின்ன வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்புச் சட்டியை அக்ரிலிக் பிரிமணையில் வைத்தால், எடுக்கும்போது பிரிமணையும் சட்டியோடு வரும். அக்ரிலிக் மிச்சத்துக்கு உரிய இடம் பாத்திரம் தேய்க்கும் வட்டம். நன்றாகத் தேய்க்கும், சீக்கிரம் காயும். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை தேய்க்கும் வட்டம் வேண்டும்? ஒன்று. கட்டைப்பைக்குத் தெரியக்கூட தெரியாது.

எனவே பெரிய முயற்சிகளுக்கு வருவோம். மிச்சத்தை ஒழிக்க உலகம் கண்ட மிகப் பெரிய உபாயம் ‘கிரானி ஸ்கொயர்’ எனும் பாட்டிச் சதுரம். 1885இல் ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற அமெரிக்க உழவர் பத்திரிகையில் இதன் மாதிரி வெளிவந்தது. நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி மும்மூன்று கண்ணிக் கொத்துகள், சுற்றுக்கு ஒரு நிறம். இப்படிப் பல சதுரங்களைச் சேர்த்தால் போர்வை. நிறங்கள் ஒன்றோடொன்று சண்டையிடாமலிருக்கக் கடைசிச் சுற்றை எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் போடுவது வழக்கம். பெரும்பாலும் கறுப்பு, அல்லது வெள்ளை. கருதுகோளின் உயிர்நிலை இந்தக் கடைசிச் சுற்றில் உள்ளது.

கொத்துகளை எண்ணுவோம். முதல் சுற்றில் 4, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, நான்காவதில் 16. மொத்தம் 40. அவற்றில் 16 கறுப்பு, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. அவ்வளவு கறுப்பு எந்தக் கட்டைப்பையிலும் இராது, வாங்க வேண்டும். சரி, துண்டுகள் சிறியவை, இரண்டே சுற்றில் சின்னச் சதுரமாகப் போடலாம் எனின், 12 கொத்தில் 8 கறுப்பு, மூன்றில் இரண்டு பங்கு. மிச்சம் சிறுக்கச் சிறுக்க, அதைத் தீர்க்க வாங்கும் நூல் பெருகுகிறது. வாங்கும் கறுப்பும் கண்டு கணக்கில்தான் வரும், லாட் பயத்தால் ஒன்று கூடுதலாக வரும், அந்த ஒன்று பைக்குள் போகும். அடுத்த போர்வைக்கு இந்தக் கறுப்பு வேறு லாட் என்பதால் உதவாது.

சிறு வீட்டில் நடந்ததைக் கொண்டு பொதுவிதி வகுக்கலாகாது என்று மறுப்போர் இருக்கலாம். அவர்கள் சென்னையைப் பார்க்கட்டும். 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு, பல ஊர்களில் பின்னிய துண்டுகளைச் சென்னையில் ஒன்றாகக் கோத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். சாதனையை வணங்குகிறோம். ஆனால் போர்வையை அளந்தவர்கள், அதைப் பின்னிய வீடுகளில் தங்கிய மிச்சத்தையும் அளந்திருந்தால் இரண்டாவது சான்றிதழும் உடனே கிடைத்திருக்கும் என்பது எம் துணிபு.

எஞ்சியிருப்பது ஒரே வழி, கணிதம். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியக் கணிதவியலாளர், அதிபரவளையத் தளம் என்னும் வடிவத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் கைபட்டாலே கிழிந்தன. செய்முறை எளிது: சில கண்ணிக்கு ஒருமுறை ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரம் இருக்க இடமில்லாமல் நெளிந்து, மடிந்து, சுருளும். இதைப் பற்றி அவர் எழுதிய நூல், 2009ஆம் ஆண்டின் விசித்திரமான தலைப்புக்கான டயகிராம் பரிசைப் பெற்றது. லாஸ் ஏஞ்சல்ஸில் வெர்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய குரோஷாப் பவளத்திட்டும் இதே நெளிவில்தான் வளர்ந்தது.

நமக்கு அழகு முக்கியமன்று, பசி முக்கியம். கண்ணிக்கு ஒரு கண்ணி கூட்டினால் ஒவ்வொரு வரிசையும் இரட்டிக்கும். 10 கண்ணியில் தொடங்கினால் பத்தாவது வரிசையில் 10,240 கண்ணி. அதற்கு முந்தைய ஒன்பது வரிசைகளையும் கூட்டினாலும் 10,220தான். கண்ணிக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்தால் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் 300 மீட்டருக்கு மேல் நூல் வேண்டும். நடுத்தரக் கனத்தில் 100 கிராம் கண்டு ஏறக்குறைய 200 மீட்டர்தான் வரும். எந்தக் கட்டைப்பையும் இந்த வாய்க்குத் தாங்காது. நிறப் பொருத்தம் தேவையில்லை, கறுப்பு ஓரம் தேவையில்லை, துண்டு எத்தனை சிறிதானாலும் செல்லும். கருதுகோள் முறியும் நிலைக்கு வந்துவிட்டது என்றே எண்ணினோம்.

சோதனையைப் பெரியம்மாவின் பையிலேயே நடத்தினோம். எதிர்பார்த்தபடி பத்தாவது வரிசையின் நடுவில் பை காலியானது. கடைசியாகப் போனது ஓர் ஊதா. கொக்கியில் ஒரே கண்ணிதான், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்ற முன்சொன்ன விதிப்படி அங்கேயே முடிச்சிட முனைந்தபோது தகவலாளர் குறுக்கிட்டார். “வரிசைய பாதில விடுவாங்களா? கடைக்குப் போய் இதே ஊதாவுல வாங்கிட்டு வா” என்றார். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது:

“போறதுதான் போற, ரெண்டா வாங்கிட்டு வா. பத்தலைன்னா அப்புறம் அதே லாட் கிடைக்காது.”