முந்நூறு ரூபாய்க் காப்பி

கேள்வி: புதுமாதிரிக் காப்பிக் கடைகளில் கோப்பைக்கு 300 ரூபாய் கேட்கிறார்களே, அந்தப் பானத்துக்கு அவ்வளவு யோக்கியதை உண்டா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: பழுத்த பழங்களை மட்டும் கையால் பறித்து, பழுதுகளைப் பொறுக்கி நீக்கி, பக்குவமாய் வறுத்து, பரீட்சகர்கள் உறிஞ்சிச் சுவைத்து 100-க்கு 80 மதிப்பெண்ணாவது அளித்த பிறகே 'ஸ்பெஷாலிட்டி' என்னும் பட்டம் கிட்டுகிறதாதலால், வஸ்துவின் உயர்வில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை, சிக்கரியின் உபகாரத்தில் வளர்ந்த நம் நாக்கு அதைப் புளிப்பென்று நிந்திப்பது வேறு விஷயம். கணக்குத்தான் இடறுகிறது. கிலோ 1,600 ரூபாய்க் கொட்டையேயானாலும், ஒரு கோப்பைக்குச் செலவாகும் 18 கிராமின் விலை 30 ரூபாயை எட்டவில்லை. எஞ்சிய தொகையெல்லாம் கடை வாடகைக்கும், குளிர்ந்த காற்றுக்கும், மெத்தை நாற்காலிக்கும், இத்தாலிய யந்திரத்துக்கும், "வேறென்ன வேண்டும், சார்?" என்று பில்லை நீட்டாத சர்வரின் மௌனத்துக்கும் நாம் செலுத்தும் தட்சிணை. (அந்த மௌனத்துக்கு நான் எவ்வளவும் கொடுப்பேன்.) ஆகவே மூன்று மணி நேரம் வீற்றிருக்கும் உத்தேசம் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம், காப்பி மாத்திரம் வேண்டுவோர், அதே கொட்டையைக் கால் கிலோ வாங்கி அரைத்து, வீட்டுப் பித்தளை ஃபில்டரில் இறக்கிக்கொள்வது உசிதம். மாமியார் அதைக் கஷாயம் என்றால் நான் ஜவாப்தாரியல்ல.