கலிபோர்னியாத் தீவின் ஆம்பூர் உரிமையாளர்

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் முதலாளி கையில் காசு சேர்ந்து கல்யாண மண்டபம் கட்டினால் ஊருக்குப் புரியும். அமெரிக்கக் கண்டத்தின் பழைய வரைபடங்களை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டினால், மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்கள். உண்மையில், பகலெல்லாம் தோலைத் தரம் பிரிக்கும் அசார்ட்டிங் மேசையில் செய்வதையே மாலையில் அவர் தலைகீழாகச் செய்கிறார். மேசையில் உண்ணி கடித்த தழும்பு தென்பட்டால் தோல் ஒரு தரம் இறங்கும். சுவரிலோ பிழைக்குத்தான் விலை. 17ஆம் நூற்றாண்டு வரைபடங்கள் பலவற்றில் கலிபோர்னியா தனித் தீவாக மிதக்கிறது. தரைவழியே போய்ப் பார்த்த கீனோ பாதிரியார் மறுத்தும் தீவு அசையவில்லை. 1747இல் ஸ்பெயின் மன்னர் ஆணை போட்டு அதைக் கரைசேர்க்க வேண்டியிருந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்தத் தீவைத்தான். ‘அமெரிக்கா’ என்ற பெயரை 1507 வரைபடத்தில் பொறித்த வால்ட்ஸீமுல்லர், 1513 வரைபடத்தில் தாமே அதை விட்டுவிட்டார். தயாரித்தவரே கழித்த அந்த 1507 சரக்கின் எஞ்சிய ஒரே பிரதிக்கு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2003இல் கொடுத்த விலை ஒரு கோடி டாலர்.

இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதற்குக் காசு எதற்கு என்பார் கணக்குப்பிள்ளை. போட்டோவை நம்பித் தோல் வாங்கியவர் எவரும் இத்தொழிலில் தேறியதில்லை. செப்புத் தகடு அழுந்திய விளிம்பை விரலால் தடவி, கந்தல் துணியில் செய்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் அசலும் நகலும் பிரியும். அந்த விரல் இவருக்குப் பரம்பரைச் சொத்து. அமெரிக்காவைக் காட்டும் மிகப் பழைய வரைபடமான, 1500ஆம் ஆண்டின் ஹுவான் தெ லா கோசா படம் வரையப்பட்டதும் தோலில்தான். சுண்ணாம்பில் ஊறி, சுரண்டப்பட்டு, இழுத்துக் கட்டிக் காய்ந்த தோல். ஆவாரம்பட்டையும் இல்லை, குரோமும் இல்லை. ஐந்து நூற்றாண்டாக நிற்கிறதே என்று வியப்பார். பாலாற்று மாசுப் பேச்சு எழுமுன் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

உள்ளூர் வரைபடங்கள் ஆகாதா என்று கேட்கலாம். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பணியைத் தொடங்கிய நில அளவையாளர் லாம்டன், பிழை களைவதற்கென்றே வாழ்ந்தவர். அவரிடம் ரசிக்கப் பிழைக்கு எங்கே போவது? கொலம்பஸ் வகையறாவிடம் அந்தக் குறை இல்லை. ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளினாலே தள்ளுபடி கேட்கும் ஐரோப்பியர், தாமே இந்தியாவுக்கென்று கிளம்பிக் கண்டம் மாறி இறங்கியதற்கு எழுத்துமூல ஆதாரம் இந்தப் படங்கள். சரக்கு வாங்க வருபவர் உட்காரும் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் அதை மாட்டி வைப்பவரைப் பைத்தியம் என்பவருக்குப் பேரம் பேசத் தெரியாது.